உதவி: பழைய மெஷினில் ஓடிய சி++ ப்ரோக்ராம் புது லேப்டாப்பில் லிங்க் ஆகவில்லை (அவசரம்)

எடைமேடை07:
வணக்கம் நண்பர்களே. லாரி எடை மேடைக்கு எழுதின சி++ ப்ரோக்ராம், பழைய சிஸ்டத்தில் வருஷக்கணக்காகத் தொல்லையே இல்லாமல் பில்ட் ஆகிக்கொண்டிருந்தது. புது லேப்டாப்பில் லிங்க் ஆகிற இடத்தில் (கம்பைல் ஆன துண்டுகளையும் லைப்ரரியையும் ஒன்றாகச் சேர்க்கிற கட்டம்) வந்து நின்றுவிடுகிறது. கோடில் ஒரு வரிகூட மாற்றவில்லை. பிழை இதுதான்:

கலெக்ட்2: எரர்: எல்டி ரிட்டர்ன்ட் 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்

லைப்ரரி சரியான ஃபோல்டரில்தான் இருக்கிறது. நாளைக்கு மேடையில் ஓட்டியாக வேண்டும், தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லவும்.

பின்னிரவு:
இந்த வரியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. லிங்கர் தோற்றுவிட்டது என்பது மட்டும்தான் இதில் இருக்கிறது, ஏன் தோற்றது என்பது இதற்கு மேலே இருக்கும். அதைப் போடுங்கள். பழைய சிஸ்டம் எது, புதுசு எது, இரண்டிலும் ஜி++ எந்தப் பதிப்பு, லிங்க் கமாண்ட் என்ன? அந்த லைப்ரரி நீங்களே கம்பைல் செய்ததா, வேறு யாராவது கொடுத்ததா?

லிங்கர்பித்தன்:
எதுவும் கேட்கவே வேண்டாம், வரிசைதான் பிரச்சினை, நூற்றுக்குத் தொண்ணூறு இதுதான். லிங்கர் இடமிருந்து வலமாகப் போகும். டாட்-ஏ ஃபைலை (ஆப்ஜெக்டுகளைக் கட்டி வைத்த லைப்ரரி) தொடும்போது, அதுவரை எந்த சிம்பல் (ஃபங்ஷன் மாதிரியானவற்றின் பெயர்) கிடைக்காமல் பாக்கி இருக்கிறதோ அதற்குத் தேவையான ஆப்ஜெக்டை (டாட்-ஓ, கம்பைல் ஆன துண்டு) மட்டும் உருவிக்கொண்டு மீதியை விட்டுவிடும். லைப்ரரியை முன்னால் எழுதி உங்கள் டாட்-ஓ ஃபைல்களைப் பின்னால் எழுதியிருந்தால், லைப்ரரியைப் பார்க்கிற நேரத்தில் அதற்கு எதுவுமே தேவைப்பட்டிருக்காது, தாண்டிப் போய்விடும். உபுண்டுவில் 11.10-லிருந்து ஆஸ்-நீடட் (தேவைப்படுகிற லைப்ரரியை மட்டும் சேர்க்கிற ஆப்ஷன்) இயல்பாகவே போட்டிருப்பதால் ஷேர்ட் லைப்ரரிக்கும் இதே கதிதான். லைப்ரரியைக் கடைசியில் தள்ளுங்கள் ப்ரோ, முடிந்தது.

தலைப்புக்கோப்பு:
லைப்ரரி சி-யில் எழுதினதாக இருந்தால் ஹெடரை எக்ஸ்டர்ன் சி-க்குள் (பெயர்களை சி++ பாணியில் மாற்றாமல் சி பாணியிலேயே வைக்கச் சொல்வது) போட்டு இன்க்ளூட் செய்யுங்கள். நான் பார்த்தவரை வெண்டர் கொடுக்கிற ஹெடர்களில் பாதியில் அது இருக்காது.

மூத்தநிரலன்:
தம்பி, லிங்கர் என்றால் என்ன என்று தெரியாமல் எடை மேடைக்கு மென்பொருள் எழுதக் கிளம்பிவிடுகிறீர்கள். இதெல்லாம் முதல் வருஷப் பாடம். மேக் க்ளீன் (பழைய பில்ட் ஃபைல்களை அழிப்பது) அடித்துவிட்டு மறுபடி பில்ட் செய்யுங்கள். பழைய டாட்-ஓ ஃபைல்களைக் காப்பி பண்ணிக்கொண்டு வந்திருப்பீர்கள், வேறு ஒன்றும் இருக்காது.

எடைமேடை07:
மேக் க்ளீன் செய்தேன், அதே பிழை. லைப்ரரியைக் கடைசியிலும் போட்டுப் பார்த்தேன், அதே பிழை. ஹெடரில் கிளாஸ் எல்லாம் இருக்கிறது, சி கிடையாது. மேலே இருக்கிற வரி இது, இதே மாதிரி நிறைய வருகிறது:

அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு ஸ்கேல்::ஓப்பன்(எஸ்டிடி::__சிஎக்ஸ்எக்ஸ்11::பேசிக்_ஸ்ட்ரிங் ... கான்ஸ்ட்&)

ஓப்பன் லைப்ரரியில் இருக்கிறது, என்எம் (லைப்ரரியில் உள்ள பெயர்களைப் பட்டியலிடும் கருவி) போட்டு நானே பார்த்தேன். புதுசு உபுண்டு.

ஈயம்பூசி:
உபுண்டு என்றால் பை (PIE, மெமரியில் எந்த இடத்திலும் ஏற்றக்கூடிய பைனரி) பிரச்சினையாக இருக்கும். 16.10-லிருந்து அங்கே ஜிசிசி (ஜி++ இருக்கிற கம்பைலர் தொகுப்பு) எல்லாவற்றையும் பை ஆகத்தான் கட்டுகிறது. பழைய டாட்-ஏ அதற்கு ஒத்துவராது. லிங்க் செய்யும்போது நோ-பை கொடுங்கள்.

எடைமேடை07:
அது முதலிலேயே வந்தது அண்ணா, ரீலொகேஷன் என்று என்னமோ சொன்னது. தேடிப் பார்த்து நோ-பை போட்டேன், அது போய்விட்டது. அதற்கப்புறம்தான் இது.

பின்னிரவு:
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேர் அலைந்திருக்க வேண்டாம். அப்படியென்றால் லைப்ரரி ரொம்பப் பழையது.

இரண்டு கேள்வி. ஒன்று, எல்லா ஃபங்ஷனுக்கும் பிழை வருகிறதா, சிலவற்றுக்கு மட்டுமா? இரண்டு, என்எம்மில் மைனஸ் பெரிய சி போட்டு ஓட்டி, ஓப்பன் இருக்கிற வரியை அப்படியே இங்கே போடுங்கள். "இருக்கிறது" என்று சொல்வது போதாது, எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நண்டு:
இதனால்தான் 2025-லும் சி++ எழுதாதீர்கள் என்கிறேன். ரஸ்ட் மொழியில் கார்கோ பில்ட் அடித்தால் முடிந்தது, லிங்கர் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

லிங்கர்பித்தன்:
நண்டு, அவருக்கு இருப்பது மூல நிரல் இல்லாத வெண்டர் லைப்ரரி போலிருக்கிறது. ரஸ்ட்டுக்கு நிலையான ஏபிஐயே (ABI, கம்பைல் ஆன துண்டுகள் ஒன்றோடொன்று சேர்கிற முறை) கிடையாது. ஒரு கம்பைலர் பதிப்பில் செய்த ஆர்லிப்பை (ரஸ்ட் லைப்ரரி ஃபைல்) இன்னொரு பதிப்பிடம் கொடுத்தால் இது வேறு ரஸ்ட் கம்பைலர் செய்தது என்று முகத்துக்கு நேரே சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். எல்லாவற்றையும் மூலத்திலிருந்து கட்டுவதால் உங்களுக்கு அது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நண்டு:
திருப்பி அனுப்புகிறதல்லவா, அதைத்தான் சொல்கிறேன். புரியாத பெயரைக் காட்டிக் குழப்பாமல் நேரடியாகச் சொல்கிறது.

மூத்தநிரலன்:
ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் எல்லாம் மேக்ஃபைலைக் கையால் எழுதி, டேப்புக்கும் ஸ்பேஸுக்கும் அடிபட்டு வளர்ந்தவர்கள். இப்போது யாருக்கும் அடிப்படை தெரியவில்லை.

ஈயம்பூசி:
சார், அடிப்படை தெரிந்த நீங்கள் சொன்ன மேக் க்ளீன் வேலைக்கு ஆகவில்லையே.

எடைமேடை07:
சாரி, கஸ்டமர் வந்துவிட்டார். க்ளோஸ், ரீட்வெயிட், கெட்இன்ஃபோ இதற்கெல்லாம் பிழை இல்லை. ஓப்பன், செட்போர்ட், லாக்டு மூன்றுக்கும்தான் வருகிறது. என்எம் வரி:

டி ஸ்கேல்::ஓப்பன்(எஸ்டிடி::ஸ்ட்ரிங் கான்ஸ்ட்&)

பழைய மெஷின் சென்ட்ஓஎஸ் 7, ஜி++ 4.8.5. புதுசு உபுண்டு 24.04, ஜி++ 13. லைப்ரரி மேடை இண்டிகேட்டர் கொடுத்தவர்கள் தந்தது, டாட்-ஏ ஒன்றும் ஹெடர் ஒன்றும் மட்டும்தான். இப்போது கேட்டால் எழுதினவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்கிறார்கள்.

பின்னிரவு:
சரி, இப்போது தெளிவாகிவிட்டது. பிழை வருகிற மூன்றும் ஸ்ட்ரிங் வாங்குகிற ஃபங்ஷன்கள்தானே? இரண்டு வரியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உங்கள் ப்ரோக்ராம் கேட்பது __சிஎக்ஸ்எக்ஸ்11 என்று நடுவில் இருக்கிற ஸ்ட்ரிங். லைப்ரரியில் இருப்பது அது இல்லாத ஸ்ட்ரிங். உங்கள் கோடில் இரண்டுமே எஸ்டிடி::ஸ்ட்ரிங் என்றுதான் எழுதியிருக்கும், லிங்கருக்கு அவை இரண்டு வேறு ஆட்கள்.

காரணம் 2015-ல் வந்த ஜிசிசி 5. அதுவரை லிப்எஸ்டிடிசி++ (ஜிசிசியோடு வருகிற சி++ லைப்ரரி) ஸ்ட்ரிங்கைக் காப்பி-ஆன்-ரைட்டாக வைத்திருந்தது, ஒரே எழுத்துத் தொகுப்பைப் பல ஸ்ட்ரிங்குகள் பகிர்ந்துகொள்ளும். சி++11 தரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை, லிஸ்ட்டின் சைஸும் ஒவ்வொன்றாக எண்ணாமல் உடனே கிடைக்க வேண்டும் என்றது. அதனால் புது ஸ்ட்ரிங், புது லிஸ்ட் எழுதினார்கள். ஆனால் பழைய ப்ரோக்ராம்கள் உடைந்துவிடக் கூடாதென்று லிப்எஸ்டிடிசி++ டாட் எஸ்ஓ டாட் 6 என்ற அதே ஃபைலுக்குள் இரண்டையும் வைத்தார்கள். எது வேண்டும் என்பதை ஒரு மேக்ரோ (கம்பைல் செய்யும்போது கொடுக்கிற ஸ்விட்ச் மாதிரி) முடிவு செய்கிறது: _ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_யூஸ்_சிஎக்ஸ்எக்ஸ்11_ஏபிஐ. உபுண்டுவில் இயல்பு 1. உங்கள் லைப்ரரிக்கு 0 வேண்டும். மைனஸ் டி-யில் அதை 0 என்று கொடுத்து உங்கள் ஃபைல்கள் எல்லாவற்றையும் கம்பைல் செய்யுங்கள்.

கம்பைலருக்கு எஸ்டிடி=சி++98 கொடுத்தால் சரியாகுமா என்று யாராவது கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், ஆகாது. மொழியின் பதிப்பு வேறு, இந்த மேக்ரோ வேறு.

தலைப்புக்கோப்பு:
அந்த மூன்று ஃபங்ஷனைக் கூப்பிடுகிற ஒரே ஃபைலுக்கு மட்டும் மேக்ரோ போட்டால் போதாதா? எதற்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்?

பின்னிரவு:
போதாது, ஆபத்தும்கூட. எனக்கு அந்த மூன்றை விட கெட்இன்ஃபோவைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது. எடைமேடை, ஹெடரில் அது என்ன வாங்குகிறது?

எடைமேடை07:
ஸ்கேல்இன்ஃபோ& என்று ஒரு ஸ்ட்ரக்ட். உள்ளே மாடல், சீரியல் என்று இரண்டு ஸ்ட்ரிங், ஒரு இன்ட்.

பின்னிரவு:
நினைத்தது சரியாகப் போயிற்று. மூன்று ஃபங்ஷனில் ஸ்ட்ரிங் நேராக அளவுருவில் இருப்பதால் பெயரே மாறியது, லிங்கர் கண்டுபிடித்தது. கெட்இன்ஃபோவில் ஸ்ட்ரிங் ஸ்ட்ரக்டுக்குள் ஒளிந்திருக்கிறது. ஸ்ட்ரக்டின் பெயர் மட்டும்தான் சிம்பலில் வரும், அது இரண்டு பக்கமும் ஸ்கேல்இன்ஃபோதான். அதனால் லிங்கர் மூச்சுவிடாமல் சேர்த்துவைத்துவிடும்.

உள்ளே என்ன நடக்கும் என்றால், 64 பிட்டில் பழைய ஸ்ட்ரிங் 8 பைட், வெறும் ஒரு பாயிண்டர். புது ஸ்ட்ரிங் 32 பைட்: பாயிண்டர், நீளம், அப்புறம் 15 எழுத்து வரை உள்ளேயே வைத்துக்கொள்ள இடம். உங்கள் பக்கம் சீரியல் 32-வது பைட்டில் தொடங்குகிறது. லைப்ரரி அதை 8-வது பைட்டில் தேடும், அங்கே இருப்பது மாடலின் நீளம். மாடலில் எழுதப் போகும்போது முதல் 8 பைட்டைப் பாயிண்டராக எடுத்து, அதற்கு 24 பைட் முன்னால் நீளம், கொள்ளளவு, ரெஃபரன்ஸ் எண்ணிக்கை மூன்றும் இருக்கும் என்று நம்பிப் படிக்கும். அங்கே என்ன குப்பை இருக்குமோ தெரியாது. அதிர்ஷ்டம் இருந்தால் உடனே செக்மென்டேஷன் ஃபால்ட். இல்லையென்றால் வேறு எங்கோ மெமரி கெட்டு, லாரி மேடையில் நிற்கும்போது விழும்.

ஆகவே, பிழை வருகிற ஃபங்ஷனைக் கமெண்ட் செய்துவிட்டு மற்றதை ஓட்டிப் பார்ப்போம் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த ஸ்ட்ரக்டைத் தொடுகிற ஒவ்வொரு ஃபைலும் 0-வில் கம்பைல் ஆக வேண்டும். மேக் வெறும் ஃபைல் தேதியைத்தான் பார்க்கும், ஃப்ளாக் மாறியதைக் கண்டுகொள்ளாது. மூத்தநிரலன் சொன்ன மேக் க்ளீன் தேவைப்படுவது இங்கேதான்.

மூத்தநிரலன்:
நான் முதலிலேயே சொன்னேன்.

ஈயம்பூசி:
:)

லிங்கர்பித்தன்:
ஒரு சந்தேகம் அக்கா. ஸ்ட்ரிங்கைத் திருப்பித் தருகிற ஃபங்ஷன் இருந்தால்? ரிட்டர்ன் டைப் சிம்பல் பெயரில் வராதே, அதுவும் சத்தமில்லாமல் லிங்க் ஆகிவிடாதா?

பின்னிரவு:
நல்ல கேள்வி. சாதாரண ஃபங்ஷனில் வராதுதான். அதற்காகவே ஜிசிசி ஏபிஐ டேக் என்று ஒன்று சேர்க்கிறது, பெயருக்குப் பின்னால் சதுர அடைப்புக்குள் ஏபிஐ:சிஎக்ஸ்எக்ஸ்11 என்று வரும். அதனால் அங்கேயும் லிங்கர் பிடித்துவிடும். ஸ்ட்ரக்ட் உறுப்பினரை மட்டும்தான் யாரும் பிடிப்பதில்லை.

எடைமேடை, வேறு சி++ லைப்ரரி ஏதாவது சேர்க்கிறீர்களா? பூஸ்ட், க்யூடி, ப்ரோட்டோபஃப் மாதிரி? உபுண்டு அவற்றை 1-ல் கட்டியிருக்கும். நீங்கள் 0-வுக்குப் போனால் இதே பிழை இந்தப் பக்கத்திலிருந்து கிளம்பி அந்தப் பக்கம் போய் உட்காரும்.

கடலூர்க்காரன்:
இவ்வளவு தலைவலி எதற்கு? சென்ட்ஓஎஸ் 7 கன்டெய்னர் (உபுண்டுவுக்குள்ளேயே தனியாக ஓடுகிற பழைய சிஸ்டச் சூழல்) ஒன்றை எடுத்து அதற்குள் பில்ட் செய்து, பைனரியை உபுண்டுவுக்குக் கொண்டுவாருங்கள். ஜிலிப்சி (சிஸ்டத்தின் சி லைப்ரரி) 2.17-ல் கட்டினது 2.39-ல் ஓடும், திருப்பித்தான் ஓடாது.

ஈயம்பூசி:
ஓடும். ஆனால் சென்ட்ஓஎஸ் 7 ஆயுள் 2024 ஜூனோடு முடிந்தது, யம் (அதில் பேக்கேஜ் இறக்குகிற கருவி) இப்போது மிரர் கிடைக்கவில்லை என்று கத்தும். ரெப்போ முகவரிகளை வால்ட்டுக்கு (பழைய பதிப்புகளின் காப்பகம்) மாற்றினால்தான் ஜி++ இறங்கும். அப்புறம் ஒரு உபரித் தகவல்: டெவ்டூல்செட் (பழைய சிஸ்டத்தில் புது கம்பைலர் தருகிற தொகுப்பு) போட்டுப் புது ஜிசிசி வைத்தாலும் அங்கே பழைய ஏபிஐதான், மேக்ரோவை 1 என்று கொடுத்தாலும் மாறாது. இவருக்கு அது சாதகம்.

நண்டு:
கன்டெய்னர், செத்துப்போன டிஸ்ட்ரோ, வால்ட் ரெப்போ, பத்து வருஷப் பழைய ஏபிஐ. நான் ஒன்றும் சொல்லவில்லை.

பின்னிரவு:
வேறு சி++ லைப்ரரி இருந்தால் கன்டெய்னரை விட எளிய வழி ஒன்று உண்டு. ஸ்கேல் லைப்ரரியைக் கூப்பிடுகிற வேலையை மட்டும் ஒரு சின்ன ஃபைலில் தனியாக எழுதுங்கள். வெளியே தெரிகிற ஃபங்ஷன்கள் எக்ஸ்டர்ன் சி, அளவுருக்கள் கான்ஸ்ட் சார் பாயிண்டரும் இன்ட்டும் மட்டும், ஸ்ட்ரிங் எதுவும் எல்லை தாண்டக் கூடாது. வெண்டர் ஹெடரை இன்க்ளூட் செய்வது அந்த ஒரு ஃபைல் மட்டும். அதை 0-வில் கம்பைல் செய்து, மீதி ப்ரோக்ராமை 1-லேயே விட்டுவிடுங்கள். லிப்எஸ்டிடிசி++-க்குள் இரண்டுமே இருப்பதால் ஒரே பைனரியில் சேர்ந்து வாழும். எக்ஸெப்ஷன் வந்தால் அதற்குள்ளேயே பிடித்து எண்ணாக மாற்றிக் கொடுங்கள், வெளியே விடாதீர்கள்.

தலைப்புக்கோப்பு:
ஆக, எக்ஸ்டர்ன் சி என்று நான் சொன்னது வேலைக்கு ஆயிற்று.

பின்னிரவு:
வேறு காரணத்துக்கு ஆயிற்று, சரி.

எடைமேடை07:
எஸ்க்யூலைட் (டேட்டாபேஸ் லைப்ரரி) மட்டும்தான், வேறு இல்லை. மேக்ஃபைலில் மேக்ரோ 0 போட்டு க்ளீன் செய்தேன், லிங்க் ஆகிவிட்டது, எடையும் வருகிறது. நன்றி அக்கா, எல்லோருக்கும் நன்றி. முத்திரை போட ஆள் வருகிறார், அப்புறம் வருகிறேன்.

பின்னிரவு:
எஸ்க்யூலைட் சி, அதனால் இதில் பாதிக்கப்படாது. கெட்இன்ஃபோ கூப்பிட்டு சீரியல் நம்பர் சரியாக வருகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எடை வருவது ரீட்வெயிட், அதில் ஸ்ட்ரிங்கே இல்லை, அது முன்பே வந்திருக்கும்.

லிங்கர்பித்தன்:
ஆள் போய்விட்டார் அக்கா.

புதுவரவு_க்யூ:
எனக்கும் இதே அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் வருகிறது, மேக்ரோ 0 போட்டும் போகவில்லை. என்ன செய்வது?

பின்னிரவு:
எந்த ஓஎஸ், எந்தக் கம்பைலர், முழுப் பிழை என்ன?