அலுவலக அலங்காரச் செலவை வரிக் கணக்கில் எப்படிக் காட்டுவது?

வணக்கம் நண்பர்களே. இரண்டு பேர் வேலை செய்யும் சின்ன மொழிபெயர்ப்பு அலுவலகம் என்னுடையது. வாடிக்கையாளர்கள் வந்து உட்காரும் முன்னறையைப் போன மாதம் சீர்செய்தேன். சுவருக்கு வண்ணம், ஜன்னலுக்குத் திரை, நாலு தொட்டிச் செடி, ஒரு சோபா, அப்புறம் ஓவியர் ஒருவரிடம் நேரில் வாங்கிய பெரிய ஓவியம்.

எனக்குப் புரிந்தவரை, இருந்த சுவருக்கே மறுபடி வண்ணம் அடிப்பது பராமரிப்பு. அந்த வருடச் செலவாகவே கழித்துக்கொள்ளலாம். சோபா பல வருடம் உழைக்கும் சொத்து என்பதால், தேய்மானமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். சரி, திரையும் செடியும் எந்தப் பக்கம்? சின்னத் தொகை என்று நேரடியாகச் செலவில் எழுதிவிடலாமா?

ஓவியம்தான் ரொம்ப உறுத்துகிறது. வருடம் போனாலும் மதிப்பு குறையாத கலைப்பொருளுக்குப் பொதுவாகத் தேய்மானம் கிடைக்காது என்கிறார்கள். போதாக்குறைக்கு, ஓவியர் கையால் எழுதித் தந்த ரசீதில் ‘படம் ஒன்று’ என்று மட்டும்தான் இருக்கிறது, தேதிகூட இல்லை. வங்கி வழியாகத்தான் பணம் அனுப்பினேன். அந்தப் பதிவு போதுமா, புது ரசீது கேட்டு வாங்கவா?

இன்னொன்று, வண்ணம் அடித்தவரே திரையும் மாட்டினார்; இரண்டுக்கும் ஒரே பில். பிரித்துத் தரச் சொல்வது நல்லதா?

அடுத்த வாரம் ஆடிட்டரைப் பார்க்கிறேன். அதற்குள் காகிதங்களை ஒழுங்குபடுத்த வேண்டும். இப்படிக் கணக்குக் காட்டியவர்கள் சொல்லுங்கள். விதி நாட்டுக்கு நாடு மாறும், எந்த நாட்டு அனுபவம் என்றும் குறிப்பிட்டால் பெரிய உதவி.