எழுத்துகளை வரிசையாகச் சொல்லும் பிள்ளை வாசிக்கும்போது திணறினால்: அனுபவப் பகிர்வு

மன்னார்குடி, சிறப்பாசிரியர்:
நாலாம் வகுப்பு வந்தும் 'க, கா, கி, கீ' என்று பாட்டாக ஒப்பிக்கும் பிள்ளையிடம் நடுவிலிருந்து 'தெ'யைக் காட்டினால் நின்றுவிடும். எழுத்தட்டைகளைக் கலைத்துப் போட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

அதிகம் சிக்குவது கொம்பில். 'நெ' என்றால் காதில் 'ந்' முதலில் விழுகிறது, 'எ' பிறகு. தாளிலோ கொம்பு முந்திக்கொண்டு நிற்கிறது. 'நெல்' சொன்னால் ந எழுதி முடித்த பிறகே கொம்பு போடும், அது ல-வோடு போய் ஒட்டிக்கொள்ளும். 'கொடி'யைக் 'கெரடி' என்று வாசித்தால் துணைக்காலை ர என்று எடுத்துக்கொண்டது. இதற்கு இம்போசிஷன் கொடுத்தால் தப்பே கையில் பழகும்.

கொம்பு, எழுத்து, துணைக்கால் மூன்றையும் தனித்தனி அட்டையாக வெட்டுங்கள். குறிகள் சிவப்பு, எழுத்து கறுப்பு. 'நெ' என்று சொல்லிக்கொண்டே பிள்ளை கொம்பை இடப்பக்கம் நகர்த்த வேண்டும். முதலில் துணைக்கால், அடுத்து இகரம், ஈகாரம், அப்புறம் ஒற்றைக்கொம்பு (நெல், வெல்லம்), இரட்டைக்கொம்பு (சேறு, மேடு), கடைசியில் கொக்கு, தொட்டி, கோழி. 10 சொல்லில் 8 தடுமாறாமல் வந்தால்தான் அடுத்த குறி. ஔகாரத்துக்கு அவசரமே இல்லை; 'கௌ'வின் குறி ள போலவே இருந்து புதுக் குழப்பம் தரும்.

கும்பகோணம், ரெமடியல் டீச்சர்:
உகரத்துக்கு அகரவரிசையை விட்டுடுங்க. வடிவம் ஒத்துப்போறதைச் சேர்த்துக் கொடுங்க: சு, பு, யு, வு ஒரு கூட்டம், கு, டு, மு, ரு, ழு, ளு இன்னொண்ணு, ணு, து, நு, லு, று, னு மூணாவது. ஒரு கூட்டம் உறுதியாகாம அடுத்ததைத் தொடக்கூடாது.

விரலால எழுதிப் பழகுற மணல் தட்டுக்கு ஆத்து மணலைச் சலிச்சு, நல்லா காயவெச்சு, கறுப்புத் தட்டுல அரை அங்குலத்துக்கும் குறைவா பரப்புங்க. ஈரம் இருந்தா கோடு உடையும். அரிசி உருண்டு வந்து கோட்டை மூடிடும், ரவை பரவாயில்லை. விரல் ஓடும்போதே வாய் ஒலியைச் சொல்லணும். இல்லேன்னா அது வெறும் டிராயிங் கிளாஸ்.

திருவாரூர், பெற்றோர்:
டீச்சர், அறுவடை சீசன்ல பையன் நிறைய லீவு. அதனால வந்த பின்னடைவா, கற்றல் குறைபாடான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கும்பகோணம், ரெமடியல் டீச்சர்:
விட்டுப்போன பாடம்னா தினம் அரை மணி நேரம் ஒழுங்கா சொல்லிக்கொடுத்தா சில வாரத்துல வேகம் பிடிக்கும்ங்க. நேத்து வாசிச்ச அதே சொல் இன்னைக்குப் புதுசாத் தெரியுது, தொடர்ந்து வந்தும் அப்படியேன்னா மதிப்பீட்டுக்குப் போகணும். அதுக்கு முன்னாடி கண்ணு, காது ரெண்டையும் பார்த்துடுங்க.

பட்டுக்கோட்டை, பயிற்றுநர்:
2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. 2018 வழிகாட்டுதல் 8 வயது நிறைந்த பிறகே குறைபாட்டுச் சான்று என்றது. இப்போதைய விதியை வட்டார வள மையத்தில் விசாரியுங்கள். பத்தாம் வகுப்பில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்கு அந்த ஆண்டு அரையாண்டுத் தேர்வு வரை காத்திருந்தால் அலைச்சல்தான். மதிப்பீட்டுக்குப் போகும்போது சொல்வதெழுதுதல் நோட்டுகளை எடுத்துப் போங்கள். பார்த்து எழுதிய நோட்டில் தப்பே தெரியாது.