ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை, இதில் கனடா வேலைக்கு வேறு பதில் சொல்லணும்

பனங்கிழங்கு எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்துக்காரன், சி.எஸ்.ஐ. சபை. இப்போது தாம்பரத்தில் இருக்கிறேன், வயது 41, கப்பல் சரக்கு ஏஜென்சி ஒன்றில் வேலை. ஓய்வுநாள் பள்ளி, திடப்படுத்தல், பாடகர் குழு என்று எல்லாம் முறையாக நடந்த ஆள்தான். ஊர்க் கோயிலில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு லீவு கிடைக்காவிட்டால் சண்டை போட்டாவது ஊருக்குப் போய்விடுவேன். போன வருஷம் ஜூன் மாதம் அம்மா தவறினார்கள். நான்கு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தோம், ஊரே ஜெபித்தது. அதற்குப் பிறகு எனக்கு ஆண்டவர்மேல் கோபம்கூட வரவில்லை, ஒன்றுமே வரவில்லை. ராத்திரி முழங்காலில் நின்றால் "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே" வரைக்கும் வருகிறது, அப்புறம் நாளைக்கு அனுப்ப வேண்டிய கண்டெய்னர் கணக்கு வந்து நிற்கிறது. கோயிலில் பாமாலை பாடும்போது என் வாய் பாடுகிறது, நான் சும்மா நிற்கிறேன். வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

இதற்கு நடுவில் கனடாவிலிருந்து வேலை வந்திருக்கிறது. மகள் ஏழாவது படிக்கிறாள். அவள் பத்தாவது முடிக்கும்வரை வெளிநாடு வேண்டாம் என்று அம்மா இருக்கும்போதே எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்திருந்தோம். இப்போது இங்கிருந்து எங்கேயாவது ஓடிவிட்டால் போதும் என்று இருக்கிறது. ஆனால் அப்பா ஊரில் தனியாக இருக்கிறார். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் (புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் கொடுப்பார்களே, அது) இருந்தது, "நான் உனக்கு முன்னே போய், கோணலானவைகளைச் செவ்வையாக்குவேன்". மனைவி அது கனடாதான் என்கிறாள். அப்பா "அவர் முன்னே போவார்னுதான் போட்டிருக்கு, விசா எடுன்னு போடலையே" என்கிறார்.

தெரிந்தவர் ஒருவர் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வந்த ஊழியர் என் தலையில் கை வைத்து, உன் வீட்டில் மறைந்திருக்கிற பாவம் ஒன்று இருக்கிறது, அதனால்தான் தாயார் போனார்கள் என்றார். அன்றைக்கு எப்படி வண்டி ஓட்டி வீட்டுக்கு வந்தேன் என்றே நினைவில்லை.

இப்படி வறண்டு போய்த் திரும்பி வந்தவர்கள் யாராவது இருந்தால், எப்படி வந்தீர்கள் என்று சொல்லுங்கள். ஒரு காரியத்தில் தேவசித்தம் இதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். 21 நாள் உபவாசம் என்று மட்டும் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள்.

டீச்சரம்மா_பாளை எழுதியது:

தம்பி, முதலில் அந்த ஊழியர் சொன்னதைத் தூக்கி வெளியே போடுங்கள். பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவனா இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டபோது, "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று ஆண்டவரே சொல்லிவிட்டார், யோவான் ஒன்பதாம் அதிகாரம். அவர் போடாத பழியை இன்னொருத்தர் உங்கள் தலையில் கை வைத்துப் போட என்ன அதிகாரம் இருக்கிறது? எனக்கு எழுதும்போதே கை நடுங்குகிறது.

இரண்டாவது, வேதத்தில் எலியா தீர்க்கதரிசியை எடுத்து வாசியுங்கள். 1 இராஜாக்கள் 19. கர்மேல் மலையில் அவர் ஜெபித்து வானத்திலிருந்து அக்கினி இறங்கின கையோடு மனுஷன் வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, நான் சாகிறேன் என்கிறார். தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை, உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்று தட்டி எழுப்பினான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துத் தூங்கிவிட்டார்! தூதன் இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஆண்டவர் அவரிடம் பேசின அந்த மெல்லிய சத்தமெல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்து. அம்மாவைப் பார்த்துக்கொண்ட அந்த நான்கு மாதமும் நீங்கள் ஒழுங்காகத் தூங்கியிருக்க மாட்டீர்கள். முதலில் தூங்குங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் வாதம் வந்து இரண்டு வருஷம் படுக்கையில் இருந்தார்கள். அப்போது எனக்குச் சொந்தமாக ஒரு வார்த்தை ஜெபிக்க வரவில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுத்தவள் நான், வெட்கமாக இருந்தது. அடுப்படியில் சோற்றுக்குக் குக்கரை வைத்துவிட்டு, வேதத்தில் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதம், ஒன்றே ஒன்று, வாய்விட்டு வாசிப்பேன். மூன்று விசில் வருவதற்குள் முடிந்துவிடும், 119 நீங்கலாக. அது 176 வசனம், அதற்குள் சோறு குழைந்துவிடும். மனம் ஒட்டாத நாளிலும் வாசித்தேன். 42ஆம் சங்கீதத்தில் "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்" என்று அதைப் பாடினவன் தன்னிடமே பேசுகிறான் பாருங்கள், கேட்டுவிட்டு உடனே சரியாகிவிடவில்லை. அதே கேள்வியை 43ஆம் சங்கீதம் முடிவதற்குள் மூன்று தரம் கேட்கிறான். 88ஐயும் வாசியுங்கள். அது கடைசிவரை ஒரு ஆறுதலும் இல்லாமலே முடிகிறது. அப்படி ஒன்றை வேதத்தில் வைத்திருக்கிறார்களே என்பதே எனக்கு அந்த நாட்களில் பெரிய பெலனாக இருந்தது. எப்போது மாறியது என்று தேதி சொல்லத் தெரியாது. ஒரு நாள் விசில் வந்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

கனடா விஷயம் எனக்குத் தெரியாது, அதை மற்றவர்கள் சொல்லட்டும்.

அலைவாய்க்கரை எழுதியது:

நான் கத்தோலிக்கன், குமரி மாவட்டக் கடற்கரை. டீச்சர் சொன்னதற்கு அப்புறம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் முடிவெடுப்பது பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு பழைய முறை இருக்கிறது.

புனித இஞ்ஞாசியார், சேசு சபையை ஆரம்பித்தவர், முதலில் படைவீரர். 1521இல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து, லொயோலாவில் தன் வீட்டில் மாதக்கணக்கில் படுத்துவிட்டார். பொழுது போகவில்லை, வீரர்களின் சாகசக் கதைப் புத்தகம் கேட்டார். வீட்டில் அது இல்லை. இயேசுவின் வாழ்க்கையும் புனிதர்கள் வரலாறும்தான் இருந்தன, சரி என்று அதை வாசித்தார். இங்கேதான் விஷயம். படுத்துக்கொண்டே இரண்டு விதமாகக் கனவு கண்டிருக்கிறார். ஒரு பெரிய இடத்துப் பெண்ணின் மனதை வெல்வது போல ஒரு கனவு, நானும் அந்தப் புனிதர்கள் மாதிரி வாழ்ந்தால் என்ன என்று இன்னொன்று. நினைக்கும் நேரத்தில் இரண்டுமே இனித்தன. ஆனால் முதலாவது கலைந்ததும் உள்ளே காய்ந்து கிடந்தது, இரண்டாவது கலைந்த பிறகும் மகிழ்ச்சி போகவில்லை. பல நாள் கழித்துத்தான் இந்த வித்தியாசத்தையே கவனித்திருக்கிறார். ஆவியைப் பகுத்தறிவது என்று அவர் பின்னால் எழுதிவைத்தது எல்லாம் இதிலிருந்து முளைத்ததுதான்.

அதில் ஒரு விதி உங்களுக்காகவே எழுதியது மாதிரி இருக்கும்: மனம் வறண்டு கிடக்கும் காலத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மகள் பத்தாவது முடிக்கும்வரை வேண்டாம் என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தோம் என்று. இப்போது போக நினைப்பதற்கு நீங்கள் சொல்லும் காரணம் 'ஓடிவிட்டால் போதும்'. கனடா தப்பு என்று நான் சொல்லவில்லை. இந்த மனநிலையில் கையெழுத்துப் போடாதீர்கள் என்கிறேன். அவகாசம் கேட்க முடிந்தால் கேளுங்கள்.

ராத்திரி ஒரு பத்து நிமிஷம் ஆத்தும சோதனை செய்து பாருங்கள். பாவக் கணக்குப் போடுவதற்கு இல்லை. காலையிலிருந்து நடந்ததை ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, எங்கே மனம் லேசானது, எங்கே இறுகியது, அவ்வளவுதான். கனடா போவதாகவே ஒரு வாரம் நினைத்துக்கொண்டு இருங்கள், அடுத்த வாரம் இங்கேயே இருப்பதாக. நினைக்கும்போது வரும் சந்தோஷத்தை விடுங்கள், அதற்கு அப்புறம் என்ன மிச்சமிருக்கிறது என்று பாருங்கள்.

வறட்சி பற்றி ஒன்று. அன்னை தெரசா 1997இல் இறந்தார். அவர் எழுதிய கடிதங்கள் 2007இல் வெளிவந்தபோதுதான், ஏறக்குறைய ஐம்பது வருஷம் அவர் ஜெபத்தில் ஒன்றுமே உணராமல் இருந்தார் என்பது பரவலாகத் தெரிந்தது. அதை வைத்து அவரைத் தள்ளிவிடவில்லை, 2016இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். எங்கள் கடற்கரைக்கு 1542இல் வந்த புனித சவேரியார், அவரும் சேசு சபைக்காரர்தான், அவருக்குத் தமிழ் தெரியாது. ஆள் வைத்து மொழிபெயர்த்த ஜெபங்களை மனப்பாடம் பண்ணிக்கொண்டு, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, அரைகுறை உச்சரிப்பில் சொல்லிக்கொடுத்தார். வார்த்தை முதலில் வந்தால் போதும், மீதி மெதுவாக வரட்டும்.

ரெட்ஹில்ஸ்_விசுவாசி எழுதியது:

பிரதர், நான் பெந்தெகொஸ்தே சபை. உபவாசம் என்றாலே ஓடுகிறீர்களே என்று கொஞ்சம் வருத்தம்தான், ஏனென்றால் குடியிலிருந்து நான் வெளியே வந்தது ஒரு உபவாச ஜெபத்தில். ஆனால் அங்கே யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை, நான் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். உங்களுக்கு நடந்தது அது இல்லை. தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்று பவுல் எழுதிய கையோடு, எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதியிருக்கிறார். பலர் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். சோதித்தீர்கள், நலமாக இல்லை, விட்டுவிடுங்கள்.

அலைவாய்க்கரை அண்ணன் சொல்வதில் எனக்கு ஒரு இடறல். எல்லாவற்றையும் மனதைப் பார்த்தே முடிவெடுக்க முடியுமா? மனம்தான் இப்போது பிரதருக்குப் படுத்துவிட்டதே. அப்போஸ்தலர் 16 பாருங்கள். பவுல் ஆசியாவில் (இன்றைய துருக்கிப் பக்கம்) பிரசங்கிக்கப் பார்க்கிறார், ஆவியானவர் தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், அதுவும் தடை. துரோவாவுக்கு வந்து படுத்த ராத்திரிதான், மக்கெதோனியாவுக்கு வா என்று ஒருவன் கூப்பிடுகிற தரிசனம். அடைபட்ட கதவும் வழிநடத்துதல்தான். அதைவிட முக்கியம், தரிசனம் கண்டது பவுல் ஒருத்தர், ஆனால் அடுத்த வரியில் "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு" என்று இருக்கிறது. எல்லாரும் பேசித்தான் கப்பல் ஏறியிருக்கிறார்கள். நீங்கள் அட்டையை வைத்துக்கொண்டு தனியாக யோசிக்கிறீர்கள். அப்பா, மனைவி, மகள், சபையில் வாயை மூடிக்கொண்டு கேட்கத் தெரிந்த ஒரே ஒரு ஆள், இவர்களோடு உட்காருங்கள். மகளிடம் கேட்டீர்களா? அவளுக்குத்தானே பள்ளிக்கூடம் மாறும்.

குளித்தலை_பாலம் எழுதியது:

நான் சபைக்கெல்லாம் ஒழுங்காகப் போகிறவன் இல்லை, சும்மா படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு விஷயம். தூக்கம், பசி இரண்டும் மாதக்கணக்கில் சரியில்லை என்றால் டாக்டரையும் பாருங்கள். ஜெபத்தை விட்டுவிட்டு என்று சொல்லவில்லை, கூடவே. எங்கள் ஊர்ப் பக்கம் தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரையில் சாந்திவனம் ஆசிரமம் இருக்கிறது, பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு பேர் 1950இல் ஆரம்பித்தது. கிறிஸ்தவ ஆசிரமம்தான், ஆனால் உட்காருவதும் சாப்பிடுவதும் நம் ஊர் மாதிரி தரையில். நான் ஒரு தடவை இரண்டு நாள் இருந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. முன்னாலேயே கேட்டுவிட்டுப் போங்கள்.

பனங்கிழங்கு எழுதியது:

எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசித்தேன். டீச்சர், உங்கள் பதிலை மனைவிக்கும் காட்டினேன், அவள் அந்த அடை இருக்கிற இடத்தில் அழுதுவிட்டாள்.

கனடாக்காரர்களிடம் மூன்று வாரம் அவகாசம் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். கேட்டால் கொடுப்பார்கள் என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை. மகளிடமும் கேட்டேன். "ஆச்சி வீட்டுக் கிணத்துக்குப் பக்கத்துல நிக்கிற நெல்லி மரத்துக்கு யார் தண்ணி ஊத்துவா?" என்றாள். அது பதிலா இல்லையா என்று தெரியவில்லை, மூன்று நாளாக மண்டைக்குள் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனில் சொன்னேன், அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், நான்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறேன் என்றார்.

ஜெபம் இன்னும் அப்படியேதான். ஆனால் தூங்குகிறேன். காலையில் குளிக்க வெந்நீர் காய்கிற நேரத்தில் ஒரு சங்கீதம் சத்தமாக வாசிக்கிறேன், எங்கள் வீட்டில் அதுதான் குக்கர் விசில். நேற்று 13ஆவது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கேட்கிறான். அதை வாசிக்கும்போது மட்டும் குரல் கொஞ்சம் மாறியது என்று மனைவி சொன்னாள், எனக்குத் தெரியவில்லை.

அலைவாய்க்கரை அண்ணா, ஒரு சந்தேகம். ராத்திரி வீட்டுக்குப் போனால் உட்கார நேரம் கிடைப்பதில்லை. அந்த ஆத்தும சோதனையைப் பஸ்ஸில் செய்யலாமா? பாரிமுனையிலிருந்து தாம்பரம் வர எப்படியும் ஒன்றரை மணி நேரம் ஆகிறது.

அலைவாய்க்கரை எழுதியது:

தாராளமாக. ஜன்னல் சீட் கிடைத்தால் இன்னும் நல்லது. நடுவில் கண்டக்டர் சில்லறை கேட்டால் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.