காது கேளாத நாயைத் திரும்பிப் பார்க்க வைப்பது எப்படி?

மாடிவீடு:
டல்மேஷியன் கலப்பு, பெட்டை, 7 மாதம். பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். வெள்ளவத்தையில் இரண்டாம் மாடி, வீடு முழுக்க டைல்ஸ். என் முகத்தைப் பார்த்துவிட்டால் ‘இரு’, ‘படு’, ‘வா’ மூன்றுக்கும் கைச்சைகை விளங்குகிறது. பார்க்க வைப்பதுதான் பாடு. தரையில் காலால் உதைத்தாலும் திரும்புவதில்லை. கையை ஆட்டினால் முதல் இரண்டு நாள் பார்த்தாள், இப்போது சட்டை செய்வதேயில்லை. அதிரும் காலர் வாங்கலாமா? மாலையில் நடை ரயில் பாதைப் பக்கம்.

நாலுகால்:
உதைப்பது பலகைத் தரைக்குத்தான் சரிவரும். கொங்கிரீட்டில் ஒட்டிய டைல்ஸில் அந்த அதிர்வு அவள் பாதம்வரை போய்ச் சேராது. கையாட்டல் ஏன் எடுபடவில்லை என்றால், திரும்பிப் பார்த்தவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இப்போது அது அவளுக்கு ஃபேன் சுற்றுவது மாதிரி.

முதலில் கூப்பிடுவதை நிறுத்துங்கோ. அவளாகப் பார்க்கும்போது கூலி கொடுங்கோ. உப்பில்லாமல் அவித்த கோழி ஈரலைப் பாதிக் கச்சான் அளவில் வெட்டி, பத்துத் துண்டை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு சும்மா நில்லுங்கோ. துண்டைக் கையில் வைத்திருந்தால் கையைத்தான் பார்ப்பாள். பலர் பிழைவிடுவது இங்கேதான். அவள் கண் உங்கள் முகத்தில் பட்டதும் கட்டைவிரலைத் தூக்குங்கோ, ‘சரி’ என்பதற்கு அதுதான் சைகை. அதற்குப் பிறகுதான் கை பைக்குள் போகவேண்டும். இரண்டும் ஒன்றாக நடந்தால் விரலை அவள் கவனிக்கவே மாட்டாள். ஒரு தடவைக்கு 2–3 நிமிடம், நாளுக்கு நாலு தடவை போதும். ஈரல் கூடினால் வயிற்றால் போகும், கவனம்.

வீட்டுக்குள் அரை நிமிடத்துக்கு ஒருக்கால் தானாகத் திரும்பத் தொடங்கினால் படிக்கட்டுக்குப் போங்கோ, பிறகு வாசல், கடைசியாக வீதி. வீதியில் முதல் நாள் ஒரு பார்வைக்கு இரண்டு துண்டு.

கடலோரம்:
காலர் வாங்கலாம். ஆனால் பலதில் அதிர்வும் ஷாக்கும் ஒரே ரிமோட்டில், பொத்தான்கள் அடுத்தடுத்து இருக்கும். அவசரத்தில் விரல் மாறும். ஷாக் இல்லாததையே தேடி வாங்குங்கள். அதிர்வுக்குக் கழுத்தில் குத்தும் உலோக முனைகள் தேவையில்லை, இருந்தால் கழற்றிவிடுங்கள். கொழும்பு வெக்கையில் காலருக்கடியில் ஈரம் நின்று புண்ணாகும், ஆகவே பயிற்சி முடிந்ததும் கழற்றிக் கழுத்தைத் துடையுங்கள்.

அதிர்வுக்கு ‘வா’ என்றோ ‘செய்யாதே’ என்றோ பொருள் வரக்கூடாது. ‘என்னைப் பார், தீன் இருக்கிறது’, அவ்வளவுதான். மிகக் குறைந்த அளவில் ஒரு விநாடி அதிரவிட்டு, உடனே துண்டை மூக்கடியில் கொடுங்கள். தீன் முந்திவிட்டால் அதிர்வு வீண். ஒரு தடவைக்குப் பத்து முறை செய்யுங்கள். அதிர்ந்ததும் தலையைத் திருப்பி உங்களைத் தேடுகிறாளா? இனித் துண்டு மூக்கடிக்குப் போகத் தேவையில்லை. முகத்தைப் பார்த்த பிறகு கட்டைவிரல், பிறகு துண்டு.

செருப்பைக் கடிக்கிறாள் என்று ஒரு முறை அழுத்தினாலும் செய்ததெல்லாம் கெட்டுப்போகும்.

மாடிவீடு:
அதிர்ந்ததும் பயந்து கட்டிலுக்கடியில் ஓடினால்?

கடலோரம்:
அவசரப்பட்டுக் கழுத்தில் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். காலரை ஒரு துவாயில் சுற்றித் தரையில் வையுங்கள். அவள் ஒரு மீற்றர் தள்ளி நிற்கும்போது அதிரவிட்டுத் தீன் போடுங்கள். பிறகு அவள் தோளைத் தொடும்படி உங்கள் கையில் பிடித்து அதிரவிடுங்கள். துவாயைக் கண்டதும் வாலாட்டினால் மட்டும் கழுத்துக்குப் போங்கள். இரண்டு விநாடிக்குள் திரும்பாவிட்டால் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம். அந்த இடத்தில் பூனையோ மீன் வாசமோ அவளை இழுக்கிறது. கிட்டப்போய்த் தொட்டுக் கூட்டிக்கொண்டு, அமைதியான இடத்தில் தொடருங்கள்.

நாலுகால்:
காலர் பழகினாலும் ரயில் பாதைப் பக்கம் பிடிகயிற்றைக் கழற்றவே கூடாது. பற்றரி இறங்கினால் உங்கள் கையில் ஒன்றும் இல்லை. ரயிலின் அதிர்வு காலுக்குத் தெரியும் என்று நம்பி விடவும் வேண்டாம். தெரிந்தாலும் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று தெரியாது. ஓட்டோ பின்னால் உரசிக்கொண்டு போகும் ஒழுங்கையில் அவளைச் சுவர்ப்பக்கம் நடத்துங்கோ.

வாலாட்டி:
லேசர் புள்ளியால் கவனத்தை இழுக்கச் சிலர் சொல்வார்கள், செய்யாதீர்கள். பிடிக்கமுடியாத புள்ளியைத் துரத்தப் பழகிய நாய் பிறகு சுவரில் விழும் எந்த வெளிச்சத்தையும் விடாது. இரவில் பல்கனி விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுவது நல்லது, ஆனால் அதையும் காலரைப்போலத் தீனோடு பழக்கவேண்டும்.

தட்டு விழுந்ததும் திரும்பினாள் என்று யாராவது சொன்னால் குழம்பவேண்டாம். அது காற்றாகவோ ஓரக்கண்ணில் பட்ட அசைவாகவோ இருக்கலாம். சந்தேகம் தீர ஒரே வழி பேயர் (BAER) என்ற கேட்டல் பரிசோதனைதான்: காதில் ஒலியைக் கொடுத்து மூளைத்தண்டின் மின்சமிக்ஞையைப் பதிவுசெய்வார்கள், காதுக்குக் காது தனி முடிவு வரும். பிறவிக் குறை என்றால் காதுக்கு மருந்து விட்டுப் பயனில்லை. பிறந்த முதல் சில வாரங்களிலேயே உட்காதின் உணர்கலங்கள் செத்துவிடுகின்றன.

மாடிவீடு:
தூங்கும்போது அம்மம்மா முதுகில் தட்டி எழுப்புகிறார். அவள் பல்லைக் காட்டி உதறிக்கொண்டு எழும்புகிறாள்.

நாலுகால்:
அதை இன்றைக்கே நிறுத்துங்கோ, கடி விழும். முதலில் மூக்குக்கு முன்னால் கையை ஒரு சாண் தள்ளிப் பிடிக்கவேண்டும், வாசம் போகட்டும். எழும்பாவிட்டால் தோளில் இரண்டு விரலால் மெல்லத் தொட்டு, கண் திறந்ததும் ஒரு துண்டு. எப்போதும் அதே தோள். அம்மம்மாவுக்குக் குனிய ஏலாதென்றால் பாயின் ஓரத்தை மெதுவாக இழுத்துவிடச் சொல்லுங்கோ, துண்டைப் பாயிலேயே போடலாம்.