"ஓடிப்போகவில்லை, நடந்துதான் போனேன்": சோஜர்னர் ட்ரூத்தை நாங்கள் சந்தித்த இடங்கள்

ஹட்சன்வாசி:

நியூயார்க் நகரத்திலிருந்து வடக்கே காரில் இரண்டு மணி நேரம் போனால் கிங்ஸ்டன். வேலை மாறி இந்தப் பக்கம் வந்து ஆறு வருடம் ஆகிறது. பக்கத்தில் போர்ட் யூவன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே சாலையோரத்தில் ஒரு வெண்கலச் சிலை உண்டு. இரண்டு கையிலும் குடுவை தூக்கி நடக்கும் ஒரு சிறுமி. தினமும் கடந்துபோன நான் ஒரு நாள் வண்டியை நிறுத்தி, சிலையைச் சுற்றி வந்தேன். முதுகில் அடிபட்ட தழும்புகள். அப்படியே நின்றுவிட்டேன். என் மகளுக்கும் அப்போது அதே வயது.

அந்தச் சிறுமிதான் பிற்காலத்தில் அடிமை ஒழிப்புக்கும் பெண் உரிமைக்கும் ஊர் ஊராகப் போய்ப் பேசிய சோஜர்னர் ட்ரூத். பிறந்தது 1797 வாக்கில், இதே அல்ஸ்டர் கவுண்டியில். பெற்றோர் வைத்த பெயர் இசபெல்லா. டச்சுக்காரர் பண்ணையில் பிறந்த அடிமை என்பதால் தாய்மொழியாக டச்சு மட்டுமே தெரியும். ஒன்பது வயதில் ஓர் ஆட்டு மந்தையோடு சேர்த்து 100 டாலருக்கு ஏலத்தில் போனாள். வாங்கியவர் வீட்டில் ஆங்கிலம். வாணலி கொண்டு வா என்றால் என்னவென்று புரியாமல் வேறு எதையோ எடுத்து வருவாள், அதற்கு அடி. அப்புறம் ஒரு சாராயக்கடைக்காரர் 105 டாலருக்கு வாங்கினார். சிலையில் உள்ள குடுவைகள் அந்தக் காலத்தவை. 1810-இல் டூமான்ட் என்பவர் 175 டாலர் கொடுத்து வாங்கினார். அங்கே பதினாறு வருடம்.

நியூயார்க் மாநிலச் சட்டப்படி 1827 ஜூலை 4 அன்று அவருக்கு விடுதலை கிடைக்க வேண்டும். ஒழுங்காக உழைத்தால் ஒரு வருடம் முன்பே விடுகிறேன் என்று டூமான்ட் வாக்குக் கொடுத்திருந்தார். நாள் வந்ததும், கையில் காயம்பட்டதால் நீ வேலையைக் குறைத்துவிட்டாய் என்று சொல்லி மறுத்துவிட்டார். இசபெல்லா ஆத்திரத்தில் கிளம்பிவிடவில்லை. நூற்க வேண்டிய கம்பளி சுமார் 100 பவுண்டு மிச்சம் இருந்தது. அதை நூற்று முடித்து, 1826-இன் கடைசியில் ஒரு நாள் விடிவதற்கு முன், கைக்குழந்தை சோஃபியாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். "நான் ஓடிப்போகவில்லை, அது தப்பு என்று நினைத்தேன். நடந்துபோனேன், அது சரி என்று நம்பினேன்" என்று பின்னாளில் சொன்னார். மற்ற பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியவில்லை. சட்டம் தாய்க்கு விடுதலைத் தேதி குறித்ததே தவிர, பிள்ளைகள் இருபது வயது தாண்டும் வரை எஜமானுக்கு உழைத்துத் தீர வேண்டும் என்றது.

அடைக்கலம் கொடுத்தது வான் வாகனன் என்ற தம்பதி. தேடி வந்த டூமான்ட்டிடம், சட்டப்படி விடுதலை நாள் வரும்வரையான உழைப்புக்கு 20 டாலரும் குழந்தைக்கு 5 டாலரும் கொடுத்து அனுப்பினார்கள். தங்களை எஜமான் என்று கூப்பிடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

அவரை நீங்கள் எங்கே, எப்படி எதிர்கொண்டீர்கள்? பாடப் புத்தகத்தில் என்றாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

தாமிரபரணி:

தம்பி, எனக்குப் பாடத்தில்தான். பாளையங்கோட்டையில் இருபத்தெட்டு வருடம் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். பேச்சுப் போட்டிக்கு வரும் பெண்களுக்கெல்லாம் அவருடைய "நான் பெண் இல்லையா?" உரையைத்தான் மனப்பாடம் செய்யச் சொல்வேன். பதிமூன்று பிள்ளை பெற்றேன், கிட்டத்தட்ட எல்லாரையும் விற்றார்கள் என்று வரும் வரியில் அந்தப் பெண்கள் குரல் உடைவதைப் பார்த்து நானும் கண்ணைத் துடைத்திருக்கிறேன்.

ஓய்வு பெற்று மகன் வீட்டுக்கு நியூஜெர்சி வந்தபோது, நூலகத்தில் உட்கார்ந்து அவர் வாழ்க்கையை ஆற அமரப் படித்தேன். ஓஹையோவில் அக்ரான் என்ற ஊரில் நடந்த பெண் உரிமைக் கூட்டத்தில் அவர் பேசியது 1851 மே மாதம். அடுத்த மாதமே அடிமை ஒழிப்புப் பத்திரிகை ஒன்றில் உரை வந்திருக்கிறது. அதில் அந்தக் கேள்வியே இல்லை. நான் சொல்லிக் கொடுத்தது பன்னிரண்டு வருடம் கழித்து, 1863-இல், அந்தக் கூட்டத்துக்குத் தலைமை வகித்த ஃபிரான்சஸ் கேஜ் எழுதிய வடிவம். அதில் அவரைத் தென்மாநிலக் கொச்சையில் பேச வைத்திருக்கிறார். டச்சு பேசி வளர்ந்த நியூயார்க் பெண் அப்படி எப்படிப் பேசியிருப்பார்? பெற்ற பிள்ளைகளும் ஐந்துதான்.

மனம் மிகவும் கஷ்டப்பட்டது. என் மாணவிகளுக்கு வேறு ஒருவரின் குரலை அவர் குரல் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். 1851-இல் வந்த வடிவத்தில் அவர், எந்த ஆணுக்கும் உள்ள வலு எனக்கும் உண்டு, உழுதேன், அறுத்தேன், உமி நீக்கினேன், விறகு வெட்டினேன், புல் அறுத்தேன், இதற்கு மேல் எந்த ஆண் செய்துவிட முடியும் என்று கேட்கிறார். எனக்கு இப்போது இதுதான் பிடித்திருக்கிறது. கழனியில் நின்று வேலை செய்தவளின் கணக்கு இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1829 வாக்கில் நியூயார்க் நகரம் போய் பல வருடம் வீட்டு வேலை பார்த்திருக்கிறார். பனி கொட்டினால், வாசலைச் சுத்தம் செய்ய ஓர் ஏழையைப் பிடித்துச் செய்யச் சொல் என்று வீட்டுக்காரர் அரை டாலர் கொடுப்பாராம். இவர் விடியுமுன் எழுந்து தானே வாரிப்போட்டுவிட்டு அந்தக் காசை வைத்துக்கொள்வார். வேலை தேடி வந்த ஒருவர், எனக்கு விட்டிருக்கலாமே என்று கேட்டதற்கு, நானும் ஏழைதான் என்று பதில். பிற்பாடு அதையே நினைத்து, ஏழையிடம் பிடுங்கித் தின்றேன் என்று வருந்தினார். அந்தக் குளிர்காலத்தில் மகன் வீட்டு வாசலில் யாரோ பனி தள்ளும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடம்தான் நினைவுக்கு வந்தது.

மிச்சிகன்காரன்:

நான் பாட்டில் கிரீக்கில் இருக்கிறேன். காலை உணவுத் தானியத்துக்குப் பேர்போன ஊர். ஓக் ஹில் கல்லறைத் தோட்டத்தில் கெல்லாக் அடக்கமான இடம் எல்லாருக்கும் தெரியும். என்னை அங்கே கூட்டிப்போன நண்பரும் அதைக் காட்டத்தான் கூட்டிப்போனார். அதே தோட்டத்தில் சோஜர்னர் ட்ரூத் கல்லறை இருப்பதைத் தற்செயலாகப் பார்த்தேன். 1883 நவம்பர் 26-இல் இந்த ஊரில்தான் காலமானார். கல்லில் வயது ஏறக்குறைய 105 என்று செதுக்கியிருக்கிறது. உண்மையில் எண்பத்தாறு இருக்கும். அடிமைக் குழந்தைக்குப் பிறந்த தேதியை யார் எழுதி வைத்தார்கள்?

1872 தேர்தலில் இதே ஊரில் ஓட்டுப் போடப் போய், மறுக்கப்பட்டுத் திரும்பியிருக்கிறார். போன முறை நான் வாக்குச்சாவடி வரிசையில் நின்றபோது அதை நினைத்துக்கொண்டேன். குடியுரிமை வாங்கிய பிறகு அதுதான் என் முதல் ஓட்டு.

பொட்டோமாக்:

வாஷிங்டனில் இருக்கிறேன். அம்மா, அப்பா ஊரிலிருந்து வந்தபோது பாராளுமன்றக் கட்டடத்தில் அவருடைய மார்பளவுச் சிலையைப் பார்த்தோம். 2009-இல் வைத்தது. அந்தக் கட்டடத்தில் இடம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்.

எனக்கு இந்த நகரத்தின் டிராம் கதைதான் முக்கியம். 1865-இல் இங்கே டிராமில் நிறப் பாகுபாடு கூடாது என்று சட்டம் வந்தது. நடத்துநர்கள் கண்டுகொள்ளவில்லை, கறுப்பர்கள் கை காட்டினால் நிறுத்தாமல் போனார்கள். அப்போது அவர் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான மக்களுக்கான மருத்துவமனையில் வேலை செய்துகொண்டிருந்தார், வயது எழுபதை நெருங்குகிறது. விடாமல் ஏறினார். ஒரு நடத்துநர் பிடித்துத் தள்ளியதில் தோள்பட்டையில் பலத்த காயம். அவர் வழக்குப் போட்டார், நடத்துநரின் வேலை போனது. காகிதத்தில் இருந்த சட்டத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா ரொம்ப நேரம் அந்தச் சிலை முன்னால் நின்றார்.

தாமிரபரணி:

விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் தம்பி? அதைச் சொல்லாமல் விட்டீர்களே.

ஹட்சன்வாசி:

அம்மா, நான் சொல்ல வந்ததே அதுதான், தனியாக எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். என்னைக் கேட்டால் அக்ரான் உரையைவிட இதுதான் அவருடைய பெரிய காரியம்.

பீட்டர் என்ற மகனுக்கு ஐந்து வயது. டூமான்ட் விற்று, கைமாறி, பையன் தெற்கே அலபாமா மாநிலத்துக்குப் போய்விட்டான். மாநிலத்துக்கு வெளியே விற்பது நியூயார்க்கில் சட்டவிரோதம். தாய் டூமான்ட் வீட்டுக்கே போய்க் கேட்டார். ஒரு பொடியனுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்றாள் வீட்டுக்காரி. "என் பிள்ளையைத் திரும்ப வாங்கியே தீருவேன்" என்றார் இவர். கையில் காசு இல்லை, எழுதப் படிக்கத் தெரியாது. அடிமை முறையை எதிர்த்த குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் உதவ, கிங்ஸ்டன் நீதிமன்றப் படியேறினார். 1828-இல் ஜெயித்தார். வெள்ளையர் மீது இப்படி வழக்காடி வென்ற முதல் கறுப்பினப் பெண்களில் ஒருவர். அந்த வழக்கின் காகிதங்கள் மாநில ஆவணக் காப்பகத்திலிருந்து 2022-இல் வெளியே வந்தன.

நீதிமன்றத்தில் பையன் பயத்தில், இவள் என் அம்மா இல்லை என்று அலறினான். வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சட்டையைக் கழற்றியபோது உச்சி முதல் உள்ளங்கால் வரை தழும்பு.

அப்புறம் நியூயார்க் நகரத்தில் வளர்ந்தான், கூடாத சகவாசம், சிறை. 1839-இல் திமிங்கல வேட்டைக் கப்பலில் ஏறினான். கடலிலிருந்து மூன்று கடிதம் வந்தது. நீங்கள் ஏன் பதில் போடவில்லை என்று கேட்டு எழுதியிருந்தான். 1842-இல் கப்பல் திரும்பியது, அதில் பீட்டர் இல்லை. மறு வருடம் ஜூன் முதல் தேதி, ஒரு தலையணை உறையில் துணியும் கையில் 25 சென்ட்டுமாக வேலைக்காரி வாழ்க்கையை விட்டுக் கிளம்பி, சோஜர்னர் என்று புதுப்பெயர் வைத்துக்கொண்டு, கிழக்கே பார்த்து நடந்தார்.