மூணு வயசுக் குதிரைக் குட்டி மேல ஏறலாமா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

பாலாத்துக்கரை:
நம்மது மார்வாரி ஜாதிக் குதிரை, ஆண் குட்டி. மூணு முடிஞ்சு ரெண்டு மாசம். சேணம் போட்டா நிக்குது, கடிவாளம் வாங்கிக்குது. சரி, நேரம் வந்துடுச்சுன்னு பள்ளிகொண்டா பக்கம் ஆத்து மணலுக்கு இட்டுகினு போய் ஏறினேன். துள்ளல, உதைக்கல. தள்ளி விட்டிருந்தாகூட மனசு ஆறியிருக்கும். சத்தமே இல்லாம முதுகை உள்ள வாங்கிச்சு. என் தொடைக்குக் கீழ அது அமுங்கினது இன்னும் எனக்குத் தெரியுது. நாலு அடிகூட வைக்கல, இறங்கிட்டேன். பின்பக்கம் முன்பக்கத்தைவிட ரெண்டு விரக்கடை உயரமா இருக்கறது அப்பதான் கண்ணுல பட்டது. தினமும் தேய்ச்சு விடறவன் நான். யாருக்காவது இப்படி ஆச்சா?

குடியாத்தம்காரன்:
எனக்கு ஆச்சு அண்ணா. ஆடியில அந்தியூர் சந்தையில வாங்கினேன். அஞ்சு வயசுன்னாங்க, உயரத்தைப் பாத்து நம்பிட்டேன். தை வரைக்கும் தார் ரோட்டுல ஏறி ஓட்டினேன். முன்முட்டி வீங்கவும் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் நாக்கை ஓரமா இழுத்துப் பிடிச்சுகினு, "நீயே பாருப்பா"ன்னார். கீழ் வரிசையில நடு ரெண்டு மட்டும் பெரிய பல்லு, மத்ததெல்லாம் பால் பல்லு. நடு ஜோடி ரெண்டரை வயசுல மாறும், அடுத்தது மூணரை, ஓரம் நாலரை. அப்போ நான் வாங்கறப்போ மூணுகூட ஆகல. அந்த வாய் இன்னும் கண்ணுல நிக்குது.

வாணியம்பாடி ஜட்கா வீடு:
ரெண்டு பேரும் ரொம்ப பயப்படறீங்க. ரேஸ் குதிரை ரெண்டு வயசுலயே ஓடுது. எங்க தாத்தா மூணுல வண்டி பூட்டினார், அது கிழமாகற வரைக்கும் உழைச்சுது. சும்மா கட்டிப் போட்டு வளத்தா எலும்பு உறுதிப்படாது.

ராணிப்பேட்டை அக்கா:
ஜட்கா தம்பி, கட்டிப் போடக்கூடாதுன்னு சொன்னது சரி. ஓடியாடினாத்தான் எலும்பு கெட்டிப்படும். ஆனா வண்டியில பாரம் சக்கரத்து மேல நிக்குது, சவாரியில நேரா முதுகு மேல. ரேஸ்ல ஏறுறவங்க அம்பது, அம்பத்தஞ்சு கிலோ ஆளுங்க. அப்படியும் சின்ன வயசுலயே கால் போன குதிரைங்க எத்தனை!

நான் பாத்தது ஒரு கல்யாண ஊர்வலம். மாப்பிள்ளை ஏறினதும் குதிரை பின்னங்காலை அகட்டி நின்னுச்சு, அவ்வளவுதான். அதுக்கப்புறம்தான் இதையெல்லாம் கேட்டுத் தெரிஞ்சுகினேன்.

பாலாத்துக்கரை தம்பி, எலும்பு நுனியில வளர்ற குருத்து இருக்கு, அது கெட்டி எலும்பா மாறி கீழேயிருந்து மேல மூடிகினு வரும். முன்முட்டிக்கு மேல ரெண்டு, ரெண்டரை வயசு. முள்ளந்தண்டு கடைசி, அஞ்சரை ஆறுகூட ஆகும். அதனால முட்டி எக்ஸ்ரே நல்லா இருக்குன்னு மட்டும் ஏறிடாதே. பிடரி மயிர் முடியற மேடு பின்பக்கத்துக்குச் சமமா வரட்டும். மாசம் ஒரு தடவை ஒரே சமதரையில நிறுத்தி அளந்து எழுதி வை. அதுவரைக்கும் கயித்துல பிடிச்சு நடை, மேடு பள்ளம், லாரி சத்தம் எல்லாம் பழக்கு. சின்ன வட்டத்துல சுத்தவிட்டு ஓட்டாதே, அதுவும் மூட்டைத் தின்னும்.

எடையும் பாரு. முன்னங்காலுக்குப் பின்னால மார்பைச் சுத்தி எத்தனை சென்டிமீட்டர்னு எடு. அதை அதாலயே பெருக்கு. தோள் முனையிலேருந்து பின்தொடை எலும்பு முனை வரைக்கும் நீளம் எடுத்து அதாலயும் பெருக்கி, 11,880-ஆல வகு. கிலோ வரும். வளந்த குதிரைக் கணக்கு இது, குட்டிக்குக் கிட்டத்தட்டத்தான். வளந்ததுக்கே அதுல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல ஏத்தக்கூடாது, சேணத்தையும் சேத்து.

குடியாத்தம்காரன்:
எனக்கு யாராவது அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கலாம் அக்கா. முட்டி இன்னும் சரியா மடங்கல.

பாலாத்துக்கரை:
காலையில அளந்தேன் அக்கா. சுத்து 150, நீளம் 138. 261 கிலோ வருது, அஞ்சுல ஒரு பங்கு 52. நான் 78, சேணம் 9. சேணத்தைப் பரண்ல ஏத்திட்டேன். நாளையிலேருந்து கயித்துல பிடிச்சு நடைதான்.