பென் டிரைவ் ஃபார்மட் ஆகவில்லை, வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே. என் 32 ஜிபி பென் டிரைவ் நேற்றிலிருந்து அடம் பிடிக்கிறது. கோப்புகள் திறக்கின்றன, ஆனால் ஒன்றைக்கூட அழிக்க முடியவில்லை. ஃபார்மட் கொடுத்தால் 'ரைட் புரொடெக்டட்' (எழுதத் தடை) என்கிறது. பூட்டும் சுவிட்ச் ஏதாவது இருக்கிறதா என்று நகத்தால் தடவிக்கூடப் பார்த்துவிட்டேன், இல்லை.

விண்டோஸின் வட்டுக் கட்டளைக் கருவியான டிஸ்க்பார்ட்டில், 'படிக்க மட்டும்' பூட்டை நீக்கும் 'ஆட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி' கட்டளையைக் கொடுத்தேன். வெற்றி என்கிறது, ஆனால் 'கரன்ட் ரீட்-ஒன்லி ஸ்டேட்: யெஸ்' அசையவே இல்லை. அப்புறம் விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ரைட்புரொடெக்ட் மதிப்பை 0 ஆக்கினேன். தம்பியின் லினக்ஸ் லேப்டாப்பிலும் இதே கதைதான், ஆக விண்டோஸ் மேல் பழி போட முடியாது.

மெமரி சிப் தேய்ந்துபோனால் அதை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பே எழுத விடாமல் பூட்டிவிடும் என்பது தெரியும். நல்லவேளை, படங்களை நகல் எடுத்துவிட்டேன். கன்ட்ரோலருக்கான மென்பொருளை வைத்து யாராவது மீட்டதுண்டா? இல்லை, குப்பைக்கூடைதானா?